தண்ணீர்கூட இறங்காத வெற்றி

சோபாக்காரருடைய எடையை நம்பித்தான் அந்தக் கடையே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வருகிறவர்கள் எந்த சோபாவைக் காட்டி "இது உறுதியா இருக்குமா?" என்று கேட்டாலும் அவர் வாயால் பதில் சொல்லமாட்டார். இரண்டடி பின்னால் போய், மூச்சை இழுத்துப் பிடித்து, பொத்தென்று அதில் விழுவார். அந்த அதிர்ச்சியில் மேல்மாடிக் கட்டில்கள் இடம் மாறும் என்று எதிர்க்கடைக்காரர்கள் சொல்வதெல்லாம் வீண் வம்பு. அலமாரிக் கதவுகள் மட்டும்தான் தானாகத் திறந்துகொள்ளும். பிறகு குஷனுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "என்னையே தாங்குது, உங்களைத் தாங்காதா?" என்பார். அதற்குமேல் யார் பேரம் பேசுவார்கள்?

ஐம்பதை நெருங்கும்போது முழங்கால் மக்கர் பண்ணியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. தூங்கினால் மூச்சு வாங்கவே மறந்தது. பக்கத்தில் படுத்திருந்த மனைவி, குறட்டை கேட்டால் எரிச்சலும் கேட்காவிட்டால் பயமுமாக விழித்துக் கிடந்து, கடைசியில் ஒரு காலையில் சொல்லிவிட்டாள்.

"என்னங்க, நீங்க செத்துட்டீங்களான்னு தினம் தொட்டுத் தொட்டுப் பாக்க என்னால முடியாது. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

வழி, நகரத்தின் நடுவில் கண்ணாடிக் கட்டடமாக நின்றது. மெலிவு மையம் என்று பெயர். அங்கே இரைப்பையின் மேல்பக்கத்தைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் மாட்டுவார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பொத்தானில் முடியும். பொத்தானில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சினால் தளரும். வாசல் குறுகினால் வரும் கூட்டமும் குறையும் என்பதுதான் சூட்சுமம். சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரிந்தவனுக்குக்கூட விளங்கிவிடும். விளங்கிவிட்டால் மரியாதை ஏது? அதனால் மையத்தில் அதைச் சுற்றி ஒரு மதத்தையே கட்டிவைத்திருந்தார்கள்.

அங்கே நோயாளி கிடையாது. பணம் கட்டிய நொடியிலிருந்து எல்லோரும் 'வெற்றியாளர்'. எடை ஏறியவர் 'ஓய்வெடுக்கும் வெற்றியாளர்'. வலி என்ற சொல்லுக்குத் தடை. 'நினைவூட்டல்' என்று சொல்லவேண்டும். வாந்திக்குப் பெயர் 'மறுபரிசீலனை'. சாப்பாடு நெஞ்சில் மாட்டிக்கொண்டால் 'வளையம் நம்மோடு பேசுகிறது'. வரவேற்பறைச் சுவர் முழுக்க வெற்றியாளர்களின் படங்கள், 'முன்' ஒன்று, 'பின்' ஒன்று. 'முன்' படத்தில் சோகமாக இருக்கச் சொல்லியும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'பின்' படத்தில் சிரிக்கச் சொல்லியிருப்பது பார்த்தாலே தெரிந்தது.

அறுவை சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகுதான் சாப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நாற்பத்தொன்பது வருடமாகச் செய்துவந்த ஒரே காரியத்தை, யாரும் சொல்லித்தராமலே பிரமாதமாகச் செய்துவந்த காரியத்தை, முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார்.

மையத்தில் மெல்லுதல் வகுப்பு நடந்தது. பயிற்றுநர் ஒல்லியான பெண்; எதையும் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. மேஜைமேல் டக்கு டக்கு என்று தாளம் தட்டும் ஒரு கருவியை வைத்து, அதன்படி எல்லோரையும் மெல்லச் சொல்வார். முதல் வாரம் வாயில் ஒன்றுமே கிடையாது, வெறும் காற்று. வளர்ந்த மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து காற்றை மென்றுகொண்டிருப்பதை ஜன்னல் கண்ணாடி துடைக்க வந்தவர் பார்த்துவிட்டு, ஏணியிலிருந்து இறங்கிப் போனவர் போனவர்தான்.

"வாய்க்குள்ளயே கூழாகணும். கூழாகறதுக்கு முன்னாடி விழுங்குறவங்க என்ன ஆவாங்க?"

"மறுபரிசீலனை!" என்று வகுப்பு ஒரே குரலில் கத்தும்.

வீட்டில் தட்டு போய் சாஸர் வந்தது. கரண்டி போய், குழந்தைக்கு மருந்து ஊட்டும் ஸ்பூன் வந்தது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தபின் அரைமணி நேரம் சாப்பிடக் கூடாது. இதையெல்லாம் சோபாக்காரர் ஒழுங்காகத்தான் செய்தார். ஒருநாள் மட்டும், தொலைக்காட்சியில் எதையோ பார்த்துக்கொண்டே ரொட்டித் துண்டொன்றை மூன்றே தடவை மென்று விழுங்கிவிட்டார்.

அது பாதி வழியில் நின்றது. நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ முஷ்டியை மடக்கி வைத்து அழுத்துவது போல இருந்தது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாயில் எச்சில் ஊறி ஊறி நுரைத்தது. அதை விழுங்கவும் இடமில்லை. கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். இப்படியே மூச்சும் நின்றுவிடும் என்று நினைத்தார். அது வேறு குழாய் என்பது தெரியும். தெரிந்தும் பயம் கேட்கவில்லை.

மைத்துனன் வந்திருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"மாமா, ஒரு நல்லது பாருங்க. முந்தி உங்களுக்கு ஏதாச்சும் ஆனா தூக்க எட்டுப் பேர் தேடணும். இப்ப நாலு பேர் போதும்."

"வாயைக் கழுவுடா," என்றாள் அக்கா. அவள் கை கணவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. ரொட்டி ஒருவழியாக மறுபரிசீலனைக்கு வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கவளமும் ஒரு வழக்கு. வாயில் போட்டு மென்று, விழுங்கும் இடத்தில் நின்று, 'போகுமா, போகாதா' என்று யோசிப்பார். யோசிக்க யோசிக்க ஆறிப்போகும். ஆறினதை மனைவி சூடாக்குவாள். சூப் ஒரு கிண்ணம் குடித்து முடிக்கையில் அடுத்த வேளை வந்துவிடும்.

எடை குறைந்தது. மையத்தில் எடை பார்க்கும்போது முள் கீழே போயிருந்தால் மாடி முழுவதும் எழுந்து கைதட்ட வேண்டும் என்பது விதி. தரை துடைப்பவர்கூடத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தட்டுவார். சோபாக்காரருக்கு அந்தக் கைதட்டல் பிடித்துத்தான் இருந்தது, மறுப்பதற்கில்லை. கடையில்தான் நிலவரம் சரியில்லை. வழக்கம்போல் பொத்தென்று விழுந்தார். சோபா அசையக்கூட இல்லை. வந்திருந்த அம்மாள், "இவரை எங்க வீட்டு முக்காலியே தாங்குமே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடை முதலாளிக்குக் கண் கலங்கியது. "உன்னை எதுக்குய்யா வேலைக்கு வச்சேன்? நாளைக்கு எனக்கு ஏதாச்சும் வழி சொல்லிட்டு இன்னும் இளைச்சுக்கோ."

அதற்கு வழி சொல்ல நேரமில்லாமல் போனது. ஏனென்றால் அந்த வாரம் மூன்றாவது தடவையாக வளையத்தை இறுக்கினார்கள். ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. இவ்வருட நட்சத்திர வெற்றியாளர் என்று சோபாக்காரரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சுவரொட்டியில் போடுவதற்கு இன்னும் கொஞ்சம் கன்னம் ஒட்டினால் நன்றாயிருக்கும் என்று விளம்பரப் பிரிவு கேட்டுக்கொண்டதாம்.

அன்று மாலை சூப் திரும்பி வந்தது. சூப்புக்குப் பின் பால். பாலுக்குப் பின் தண்ணீர். ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போய், எதிலோ முட்டி, யோசித்து, ஏறி வந்தது. மருந்து ஸ்பூனில் நாலைந்து சொட்டு விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தால் மட்டும் ஏதோ கசிந்தது. படுத்தால் எச்சிலே தொண்டையில் ஏறி இருமியது. சோபாக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடியக் காத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது. எழுந்தால் அறை சாய்ந்தது.

காலையில் மையத்துக்குப் போனார். முதலில் எடைமேடை; அதில் ஏறாமல் யாரோடும் பேச முடியாது. முள் ஒரேயடியாக விழுந்திருந்தது. மாடி எழுந்து நின்று தட்டியது.

"தண்ணி இறங்கலீங்க," என்றார் கைதட்டலுக்கு நடுவில்.

"அருமை!" என்றார் உணவு ஆலோசகி.

"இல்லீங்கம்மா, குடிக்கிற தண்ணி. போறது அப்படியே வருது. கொஞ்சம் தளர்த்திவிடுங்க."

கைதட்டல் பாதியில் நின்றது. துடைப்பவர் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். 'தளர்த்து' என்ற சொல்லை அங்கே யாரும் உரக்கச் சொன்னதில்லை போலும்.

ஆலோசகி குரலைத் தாழ்த்தினார். "சார், இறுக்குறது முன்னேற்றம். அதை யார் வேணும்னாலும் செய்யலாம், நான்கூட செய்வேன். நீங்க சொன்னது பின்வாங்கல். அதுக்குத் தளர்த்தல் குழு கூடணும்."

"எப்பங்க கூடும்?"

"இதுவரைக்கும் கூடினதில்லை. ஒரு தளர்த்தல்கூட இல்லாத மையம்னு நமக்கு விருதே கொடுத்திருக்காங்களே. அதை வாங்கினதே அந்தக் குழுதான்."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"அது பயமில்லை சார்," என்று அவர் கையைப் பிடித்தார் ஆலோசகி. "அது உற்சாகம். ரெண்டுக்கும் நெஞ்சு படபடக்கும். நாளைக்கு விழா முடியட்டும்."

மனைவி தொலைபேசியை எடுத்தாள். அவள் ஒரு பெரிய நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவள்; ஊரையே இசை கேட்கவைத்துக் காக்கவைத்துச் சம்பளம் வாங்குகிறவள். அவளையே மையத்தின் உதவி எண் இசை கேட்கவைத்தது. "உங்கள் பசி எங்களுக்கு முக்கியம்" என்று நடுநடுவே ஒரு குரல். கடைசியில் ஒருவன் கிடைத்தான். அவனும் தளர்த்தல் குழு என்றான். அவள் வேறொரு மருத்துவமனைக்குப் போட்டாள். "அவங்க மாட்டின வளையத்துல நாங்க கைவெச்சு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? மாட்டினவங்களையே கேளுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அவள் தொலைபேசியை வைத்தாள். "இவ்வளவு நாளா நானும் இப்படித்தான் பேசியிருக்கேன், இல்ல?" என்றாள். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். பேசினால் எச்சில் ஊறும், ஊறினால் விழுங்கவேண்டும்.

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. மெலிவு மையங்களையெல்லாம் நடத்தும் குழுமத்தின் தலைவரே வந்திருந்தார். நல்ல கனமான ஆள். மேடையில் அவரோடு தலைமை மருத்துவர், ஆலோசகி, தளர்த்தல் குழுவினர் ஐவர், நாலாபுறமும் கேமராக்கள். சோபாக்காரரைக் கைத்தாங்கலாக மேடையேற்றினார்கள். அது மரியாதை என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் போன வருடத்து நட்சத்திரம் இருந்தார். விமானப் பணிப்பெண்ணாக இருந்து ஓய்வுபெற்றவர். புன்னகை முகத்தைவிட்டு அகலவில்லை. மடியில் மூடிபோட்ட ஒரு குவளை. யாரும் பார்க்காத நேரத்தில் மூடியைத் திறந்து அதில் துப்பிக்கொண்டார்.

"உங்களுக்குமா?" என்றார் சோபாக்காரர், உதட்டை அசைக்காமல்.

"ஒரு வருஷமா," என்றார் அவர், புன்னகையை அசைக்காமல். "ஸ்பூன் ஸ்பூனாக் குடிச்சு வாழப் பழகிட்டேன். கேட்டா சுவர்லேர்ந்து படத்தை எடுத்துருவாங்க."

விழாவின் உச்சம் 'முன்மாதிரிக் கவளம்'. நட்சத்திர வெற்றியாளர் மேடை நடுவில் அமர்ந்து, வெள்ளித் தட்டிலிருந்து அவித்த முட்டையில் ஒரு துண்டை எடுத்து, விதிப்படி மென்று விழுங்கிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு மெல்லலையும் மண்டபம் உரக்க எண்ணும். மெல்லுதல் பயிற்றுநர் கருவியை முடுக்கினார். டக்கு, டக்கு.

"ஒண்ணு! ரெண்டு!"

முட்டை கூழாகிவிட்டது. எண்ணிக்கை முடிந்தது. மண்டபம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. சோபாக்காரர் விழுங்கவில்லை. அந்த முஷ்டி உள்ளே தயாராக இருப்பது அவருக்குத் தெரிந்தது. மறுபடி மெல்ல ஆரம்பித்தார். மண்டபம் என்ன செய்வதென்று தெரியாமல் முதலிலிருந்து மறுபடி எண்ணியது. அதுவும் முடிந்தது. மூன்றாம் சுற்றில் பாதிப்பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு மாறிவிட்டது. குழுமத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தலைமை மருத்துவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பார்த்தீர்களா! வாய்க்கு வந்த உணவையும் விழுங்க மறுக்கும் இந்த மன உறுதி! இதைத்தான் எங்கள் மையம் வெற்றியாளர்களுக்குள் புகட்டுகிறது!"

கைதட்டல். சோபாக்காரர் கைக்குட்டையில் துப்பினார். ஒலிவாங்கியை இழுத்தார்.

"ஐயா, எனக்குத் தண்ணியே இறங்கல. முந்தாநாள்லேர்ந்து."

"கேட்டீர்களா!" மருத்துவரின் குரல் தழுதழுத்தது. "தண்ணீர்கூட இறங்கவில்லையாம்! சாதாரண மையங்களில் போடும் வளையத்தில் கஞ்சி இறங்கும், பால் இறங்கும், ஏன், வெட்கக்கேடு, ரொட்டியே இறங்கும். எங்கள் வளையத்தில் எதுவுமே இறங்காது! இது எங்கள் தரத்துக்கு அவர் தரும் சான்றிதழ்!"

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. அந்தக் கைதட்டலைக் கேட்டபோதுதான் சோபாக்காரருக்குத் தெளிவாகப் புரிந்தது: இவர்கள் தட்டித் தட்டியே என்னைக் கொன்றுவிடுவார்கள். பார்வையின் ஓரத்திலிருந்து இருள் உள்ளே வர ஆரம்பித்தது. கண் முன்னால் கேமரா விளக்குகள் ஒன்று இரண்டாகிப் பிறகு பத்தாயின. எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. மேடைத் தரையில் மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மல்லாந்து படுத்தார். சட்டையை நெஞ்சுவரை தூக்கிவிட்டு, தோலுக்கடியில் புடைத்திருந்த பொத்தானை விரலால் காட்டினார்.

"இங்கதான். ஊசியைப் போட்டு எடுத்துவிடுங்க. எடுக்காம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

மனைவி மேடைப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தாள். தடுத்த காவலாளியை அவள் பார்த்த பார்வையில் அவன் அவளுக்கு வழிவிட்டது மட்டுமல்ல, தொப்பியையும் கழற்றிவிட்டான்.

"அம்மா, இதுக்குத் தளர்த்தல் குழு கூடணும்..." என்றார் தலைமை மருத்துவர், ஒலிவாங்கியைக் கையால் மூடி.

"குழு அஞ்சு பேரும் இங்கதானே உக்காந்திருக்காங்க? கூட்டுங்க. நான் பாக்குறேன்."

குழு கூடியது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டது. முதல் உறுப்பினர், படுத்திருப்பவர் வெற்றியாளரா அல்லது இப்போதே ஓய்வெடுக்கும் வெற்றியாளரா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்றார். இரண்டாமவர், மல்லாந்து படுத்திருப்பதால் ஓய்வு என்று கொள்ளலாம் என்றார். மூன்றாமவர், ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லோருக்கும் தாகம் எடுக்கத் தொடங்கும் என்று எச்சரித்தார். நான்காமவர் எழுந்து, தன் உடம்புக்குள்ளும் இதே வளையம் இருக்கிறது, தான் என்றாவது தளர்த்தச் சொன்னாரா என்று கேட்டார். கேட்டுவிட்டு, என்ன தோன்றியதோ, அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டார். ஐந்தாமவர் தேநீர் வருமா என்றார்.

மனைவி கணவன் தலையை மடியில் வைத்திருந்தாள். "என்னங்க, கண்ணை மூடாதீங்க. என்னைப் பாருங்க. திட்டுறேன், கேட்டுக்கிட்டே இருங்க." திட்டினாள். மூச்சு விடாமல், குரல் உடைய உடைய, கல்யாணத்திலிருந்து ஆரம்பித்துத் திட்டினாள்.

அப்போது பக்கத்தில் ஏதோ சலசலத்தது. போன வருடத்து நட்சத்திரம் குவளையைத் தரையில் வைத்துவிட்டு, சோபாக்காரருக்குப் பக்கத்தில் நேராகப் படுத்தார். விமானத்தில் அவசர வழிகளைக் காட்டும் அதே நிதானத்தோடு ஆடையை விலக்கிப் பொத்தானைக் காட்டினார். சிரிப்பு முகத்தில் இல்லை. கீழே மண்டபத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர் வந்தார். பிறகு இருவர். சுவரில் மாட்டியிருந்த 'பின்' படங்களெல்லாம் இறங்கி வந்ததுபோல் வரிசையாக ஏறி வந்து படுத்தார்கள். இடம் போதாமல் குழுமத் தலைவர் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"டாக்டர், இது நிகழ்ச்சி நிரல்ல இருக்கா?" என்றார் அவர்.

தலைமை மருத்துவர் கேமராக்களைப் பார்த்தார். ஒரு நொடிதான். நிமிர்ந்து ஒலிவாங்கியை எடுத்தார்.

"இருக்கிறது ஐயா! நம் மையத்தின் புதிய சேவை: மேடைத் தளர்வு! உலகிலேயே வேறெங்கும் இல்லாதது! ஊசி கொண்டுவாருங்கள்!"

ஊசி வந்தது. மருத்துவர் தானே மண்டியிட்டுக் குத்தினார். உப்புநீர் சிரிஞ்சுக்குள் ஏறியது. பார்த்தால் ஒரு கண்ணீர் அளவுகூட இருக்காது. இதற்குத்தானா இவ்வளவும் என்று மனைவி வாய்விட்டே கேட்டுவிட்டாள். யாரோ தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்கள். அவள் அதைக் கணவன் வாயில் சாய்த்தாள். மருத்துவர் அடுத்த பொத்தானுக்கு நகர்ந்துகொண்டே, மேடைத் தளர்வுக்கு இந்த மாதம் மட்டும் கட்டணச் சலுகை என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

சோபாக்காரர் விழுங்கவில்லை. தண்ணீர் வாயில் இருந்தது. நாக்கின்மேல் குளிர்ந்து கிடந்தது. ஊசி எடுத்ததையும் உப்புநீர் வந்ததையும் கண்ணால் பார்த்தார். ஆனாலும் தொண்டை நம்ப மறுத்தது. அந்த முஷ்டி இன்னும் உள்ளேயே இருந்தால்?

பக்கத்தில் படுத்திருந்த போன வருடத்து நட்சத்திரம் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். அவருக்கு அப்பால் படுத்திருந்தவரும் திரும்பினார். வரிசை முழுவதும் தலையைத் திருப்பி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார்.

எங்கேயும் முட்டவில்லை. நெஞ்சுக்குப் பின்னால் ஒரு குளிர்ந்த கோடு நேராக இறங்கி, வயிற்றில் போய் அடங்கியது. அவர் அசையாமல் காத்திருந்தார். திரும்பி வரவில்லை.

"இறங்குச்சா?" என்று கிசுகிசுத்தார் பக்கத்திலிருந்தவர்.

மனைவி அதற்குள் பாட்டிலை மறுபடி சாய்த்திருந்தாள். அடுத்த மடக்கு சோபாக்காரர் வாயில் இருந்தது. அதையும் விழுங்கத்தான் பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.